துனியாவின் பெயரில்

தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவல் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் நால்வரில் ஒருத்திக்கு வேலை போகப்போகிறது என்று தெரிந்தது. அது யோபனாதான் என்பது துனியாவுக்கு முதலில் தெரிந்தது. அதை யோபனாவிடம் சொல்ல வேண்டியவளும் துனியாதான்.

கோச்சபாம்பா என்ற எங்கள் மலைநகரத்தின் வடக்குப் பக்கத்தில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம் இருந்தது. கீழே பல்லைத் துளைக்கும் சத்தம் மேலே தெளிவாகக் கேட்கும். வெளிநாட்டு மருந்துக்கடை நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். ஆண்கள் பெரிய கூடத்தில் இருந்தார்கள். பெண்கள் நாலு பேரும் ஜன்னலோர மேஜையைப் பிடித்துக்கொண்டோம். அங்கிருந்து பார்த்தால் குன்றின் மேல் கைவிரித்து நிற்கும் பெரிய கிறிஸ்து தெரிவார். மழைக்காலத்தில் அவரும் தெரியமாட்டார்.

யோபனா சோக்கே, துனியா ஆரமாயோ, லீசெத், நான் மிரேயா. ஒருத்தி கையைப் பிடித்து இன்னொருத்தி உள்ளே வந்தவர்கள். முதலில் வந்தவள் யோபனா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், நாற்பது வயதுக்கு மேல் தானாகவே இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். நேர்முகத் தேர்வுக்குப் பயந்து நான் நடுங்கிய நாளில், சல்தேஞா என்ற இறைச்சி அடைத்த பலகாரம் இரண்டு வாங்கிக்கொண்டு என்னைப் பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து, ஆண் குரலில் கேள்வி கேட்டாள்.

"இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க?"

"பசிக்குது," என்றேன்.

"அதையே கொஞ்சம் மரியாதையா சொல்லிப் பழகு," என்று சொல்லிவிட்டுத் தன் சல்தேஞாவையும் என்னிடமே நீட்டினாள்.

பிறகு நான் துனியாவுக்கு அப்படிக் கேள்வி கேட்டேன். துனியா லீசெத்துக்குக் கேட்டாள். ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொண்டோம். ஒரே குழந்தைக்கு ஒருத்தி தாயும் இன்னொருத்தி ஞானத்தாயுமாக இருந்தால் அவர்களுக்குள் வரும் உறவுப் பெயர் அது. எங்களுக்கு அப்படிக் குழந்தை எதுவும் அப்போது இல்லை. ஆனாலும் கார்னிவலுக்கு முந்திய வியாழக்கிழமை கொமாத்ரேகளின் நாள். துனியா தாரிஹா ஊர்க்காரி. அவள் ஊரில் அன்றைக்கு ரொட்டியும் பழமும் கேக்கும் அடுக்கி, துளசி மாதிரி மணக்கும் அல்பாகா கொத்து செருகி, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கூடை கொடுப்பாள். வாங்கியவள் அடுத்த வருஷம் கூடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் உறவு தொடரும். அந்த வழக்கத்தை அவள் எங்கள் மேஜைக்குக் கொண்டு வந்தாள்.

போன வருஷம் துனியாவுக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கை அளவுக்கு ஒரு பையன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் பிரசவ விடுப்பு என்ற சொல்லே கிடையாது. முடித்துக் கொடுத்த வேலைக்குத்தான் சம்பளம். வேலை முடியவில்லை என்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அய்னி செய்வோம்," என்றாள் யோபனா.

அவள் அப்பா மலைமேல் உருளைக்கிழங்கு போட்டவர். இன்றைக்கு உன் நிலத்தில் நான் தோண்டுகிறேன், நாளைக்கு என் நிலத்தில் நீ தோண்டு. அதற்குப் பெயர்தான் அய்னி. கூலி கிடையாது. யார் தோண்டினாலும் கிழங்கு நிலத்துக்காரருக்கு.

"எங்க அப்பா நிலத்துல ஊரே தோண்டிச்சு. யாராவது இது நான் தோண்டின குழின்னு கொடி நட்டு வெச்சாங்களா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் நாங்கள் துனியாவின் வேலையைச் செய்தோம். அவள் சாவியில், அதாவது அவள் பெயரிலும் அவள் கடவுச்சொல்லிலும் உள்ளே போய் எழுதினோம். கடவுச்சொல்லைத் துனியா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னாள். குழந்தைக்கு வைத்த பெயர். தமியான். தினமும் அந்தப் பெயரை அடித்துத்தான் வேலையைத் தொடங்கினோம். லீசெத் ஒவ்வொரு முறையும் அடித்து முடித்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். நான் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. செபமாலை உருட்டுவதற்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எங்களில் அதிகம் எழுதியவள் யோபனா. தன் வேலையை அரைகுறையாக நிறுத்திவிட்டுத் துனியாவின் வேலையை முடிப்பாள். சேரக்கூடாத இரண்டு மருந்துகளை ஒரே நோயாளி வாங்கினால் கடைக்காரரை எச்சரிக்கும் ஒரு பகுதி உண்டு. அது முழுக்க யோபனா எழுதியது. மருந்துக்கடைக்காரர்கள் அதைத்தான் மிகவும் பாராட்டினார்கள். துனியாவைப் பாராட்டினார்கள்.

பையன் பிழைத்துக்கொண்டான். நுரையீரல் மட்டும் வலுவில்லை. தூங்கும்போது ஆக்சிஜன் வைக்க வேண்டும். எங்கள் ஊர் உயரத்துக்கு அப்படிப்பட்ட குழந்தைகள் சிரமப்படத்தான் செய்யும். துனியா திரும்பி வந்தாள். ஞானஸ்நானத்துக்கு யோபனாதான் ஞானத்தாய். அதோடு அந்த உறவுப் பெயர் உண்மையாகவே அவர்களுக்குப் பொருந்திவிட்டது.

நிறுவனம் ஆட்களைக் குறைக்கப் போகிறது என்று தெரிந்த அந்தத் திங்கட்கிழமை, துனியா எங்களைத் தேநீர் போடும் சின்ன அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்னை டீம் லீடர் ஆக்கிட்டாங்க," என்றாள்.

"அதுக்கு ஏன்டி கல்லறைக்குப் போறவ மாதிரி நிக்கறே? கேக் வாங்கித் தரணுமேன்னு கவலையா?" என்றாள் யோபனா.

"இன்னொண்ணும் சொன்னாங்க, கொமாத்ரே. நம்மள்ல ஒருத்தர் போகணுமாம். போன வருஷம் பூரா யார் பேர்ல எவ்வளவு வேலை முடிஞ்சிருக்குன்னு கம்ப்யூட்டர்ல பாத்திருக்காங்க. என் பேருதான் மேல இருக்கு."

யோபனா தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"அடியில யாரு?"

துனியா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். கீழே பல் துளைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி," என்றாள் யோபனா. கரண்டி மறுபடி சுற்றியது. "உனக்குச் சர்க்கரை போதுமா பாரு."

"நான் போய் மேனேஜர் இன்ஜினியர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவே? என் சாவியை மூணு பேருக்குக் குடுத்து வெச்சிருந்தேன்னா? அந்த மருந்துக்கடையில யார் என்ன மாத்திரை திங்கறான்ற ரகசியம் பூரா அதுக்குள்ள இருக்கு. நாலு பேரையும் வெளிய தள்ளிட்டுக் கதவைச் சாத்துவாங்க. தமியானுக்கு ஆக்சிஜன் நீயே ஊதுவியா?"

"உனக்கு யாரு வேலை குடுப்பா? உன் வயசுக்கு?" துனியா கேட்டது கொடுமையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இந்தத் தொழிலில் நாற்பத்தி நாலு வயதுப் பெண்ணை, அதுவும் இந்தப் படிப்பில் பட்டம் இல்லாதவளை, யாரும் புதிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"என் வயசைப் பத்தி இவளுக்கு ரொம்பக் கவலை," என்று யோபனா எங்களைப் பார்த்துச் சொன்னாள். "வாயைத் திறக்கமாட்டேன்னு உர்குபீஞா மாதா மேல சத்தியம் பண்ணு."

துனியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யோபனா அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் துனியா என்னைச் சந்தைக்குப் பக்கத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். வாசலில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கினாள். மாதா பீடத்துக்கு முன்னால் நின்றவள் அதை ஏற்றாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"யார் பேரைச் சொல்லி ஏத்தறது, மிரேயா? அவ பேரைச் சொன்னா, அவளை அடியில தள்ளினதே நான்தான். என் பேரைச் சொல்ல வெக்கமா இருக்கு."

"பேர் சொல்லாம ஏத்து," என்றேன்.

ஏற்றினாள். யாருடைய கை செய்த வேலை என்று ஆண்டவருக்குத் தெரியும் என்று அவளுக்கு ஆறுதல் சொல்ல நினைத்தேன். ஆனால் எங்களுக்குச் சம்பளம் போடுவது ஆண்டவர் இல்லையே என்று தோன்றியதும் பேசாமல் இருந்துவிட்டேன். வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடையில் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம்.

புதன்கிழமைகளில் மருந்துக்கடைக்காரர்களோடு திரையில் மீட்டிங் நடக்கும். அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஓர் அம்மாளும் வேறு சிலரும் இருப்பார்கள். இந்தப் பக்கம் எங்கள் மேலாளர் ஒஸ்வால்தோ உட்கார்ந்திருப்பார். இன்ஜினியர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஒவ்வொருவரும் தாங்கள் செய்ததைக் காட்ட வேண்டும். அந்தப் புதனன்று புது லீடரை அறிமுகப்படுத்தினார் இன்ஜினியர். மருந்து எச்சரிக்கையை எழுதியவர் இவர்தான் என்றார். திரையிலிருந்த அம்மாள் கை தட்டினாள்.

துனியா எழுந்து நின்றாள். உட்கார்ந்தே பேசலாம், ஆனாலும் எழுந்து நின்றாள்.

"அதை எழுதினது நான் இல்லைங்க. அப்ப என் பிள்ளை சாகக் கெடந்தான். நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். எழுதினது யோபனா சோக்கே. என் பேர்ல இருக்கற பாதி வேலை அவ செஞ்சது. அவ பேரைச் சொல்லாம அந்தக் கைதட்டலை நான் வாங்கிக்க முடியாது."

திரையில் யாரும் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்த அம்மாள் மெதுவாக, "செய்தவருக்கு எங்கள் நன்றி," என்று சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் குனிந்து எதையோ எழுதத் தொடங்கினார்.

யோபனா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் அங்கிருந்து கேள்வி வந்துவிட்டது. ஒருவர் சாவியை இன்னொருவர் எப்படிப் பயன்படுத்தினார்? இன்ஜினியர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மூன்று பிள்ளைகள், வீட்டுக் கடன், மேலே ஒரு முதலாளி, எல்லாம் அவருக்கும் இருந்தன.

"ஒரு பேர் அனுப்பணும்னு இருந்துச்சு. இப்ப எத்தனை பேர் அனுப்பறதுன்னு தெரியல," என்றார். "துனியா, சாவியை நீங்களா குடுத்தீங்க?"

"ஆமா—"

"அவளுக்குத் தெரியாது," என்று யோபனா குறுக்கிட்டாள். "அவ மேஜைக்கடியில ஒரு சீட்டுல எழுதி ஒட்டி வெச்சிருந்தா. நான் எடுத்துக்கிட்டேன். அவ பேர்ல நானா செஞ்சேன்."

"பொய் சொல்றா, இன்ஜினியர்," என்றாள் துனியா.

"பிள்ளை பெத்த களைப்புல அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்ல," என்றாள் யோபனா.

"நானும் அந்தச் சாவியில போயிருக்கேன்," என்றேன் நான். "நானும்," என்றாள் லீசெத்.

இன்ஜினியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குன்றின் மேல் மேகம்தான் இருந்தது.

"மிரேயா, நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. கீழ அந்த மிஷின் சத்தம். லீசெத், உங்களையும் எனக்குக் கேக்கல."

அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். யோபனா சொன்ன பொய்யை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். நான் செபிக்கும்போது அதற்காக மன்னிப்புக் கேட்பதில்லை.

யோபனா அன்றைக்கே வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்குறைப்பில் போனவளுக்கு நற்சான்று கிடைத்திருக்கும். விதி மீறிப் போனவளுக்கு அதுவும் கிடையாது. துனியாவின் லீடர் பதவி போனது, வேலை மட்டும் மிஞ்சியது.

யோபனாவின் மேஜையில் அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு குவளை, ஒரு சால்வை, உர்குபீஞா திருவிழாவில் வாங்கிய தீப்பெட்டி அளவுள்ள பொம்மைக் கம்ப்யூட்டர். வேண்டியதைப் பொம்மையாக வாங்கி மாதாவிடம் மந்திரித்து வைத்தால் நிஜமாகக் கிடைக்கும் என்பார்கள். அதைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டாள்.

மாடிப்படியில் துனியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. இன்னும் கெடுத்துட்டேன்."

"கெடுத்துட்டேதான்," என்றாள் யோபனா. "ஆனா அந்த நரைச்ச தலை அம்மா என் பேரைக் கேட்டா இல்ல. போதும்."

"போதாது, கொமாத்ரே."

யோபனா கையை விடுவித்துக்கொண்டாள். "போதாதுதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கொமாத்ரேகளின் வியாழன் வந்தது. அன்று மதியத்துக்கு மேல் எந்த அலுவலகத்திலும் பெண்கள் இருக்கமாட்டார்கள். தெருவெல்லாம் வண்ணத்தாள் தூவி, காதில் அல்பாகா செருகிக்கொண்டு சிரித்தபடி போவார்கள். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு லா கான்ச்சா சந்தைக்குப் போனோம். யோபனாவின் அம்மா தோஞா எலெயூதேரியா அங்கே சூஞோ விற்பவர். பனியில் உறையவைத்துக் காயப்போட்ட உருளைக்கிழங்கு அது, கறுப்புக் கூழாங்கல் மாதிரி இருக்கும். அம்மா முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டதால் கடையில் யோபனா இருந்தாள். தார்ப்பாயிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. மூட்டைகளுக்கு நடுவே, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துனியா கூடையை நீட்டினாள். யோபனா அதை வாங்கவில்லை.

"அடுத்த வருஷம் இதைத் திருப்பிக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கும்னு எனக்கே தெரியல. எடுத்துட்டுப் போடி."

"வேலை தேடினியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு இடத்துல கேட்டேன். நீங்களா தனியா எழுதின ஏதாவது ஒண்ணு காட்டுங்கன்றாங்க. என்கிட்ட காட்ட என்ன இருக்கு? எல்லாம் அங்க பூட்டிக் கெடக்கு, பாதி இவ பேர்ல. புதுசா எழுதலாம்னா விடிஞ்சதுலேர்ந்து இங்க இருக்கேன். வீட்டுக்குப் போனா கண்ணு சொருகுது."

லீசெத்துக்கு உடனே முகம் மலர்ந்தது. "நாங்க எழுதித் தர்றோம், கொமாத்ரே. உன் பேர்ல. மூணு பேரும் சேர்ந்தா ஒரு வாரம்தான்."

யோபனா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வேலை போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இன்னும் புத்தி வரலையாடி உங்களுக்கு? மறுபடியும் ஒருத்தி பேர்ல இன்னொருத்தியா?"

எங்களுக்கும் சிரிப்பு வந்தது, துனியாவைத் தவிர. அவள் கூடையை ஒரு மூட்டையின் மேல் வைத்தாள். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். மூட்டைகளைத் தாண்டி உள்ளே போய், ஆணியில் தொங்கிய தோஞா எலெயூதேரியாவின் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"எழுந்திரு," என்றாள்.

"என்ன பண்றே?"

"நீ வீட்டுக்குப் போய் எழுது. உன் கையால, உன் பேர்ல. நான் விக்கறேன். கார்னிவல் லீவு நாலு நாளும் நான் இங்கதான். அப்புறம் சாயங்காலமும் சனி ஞாயிறும் மாத்தி மாத்தி வர்றோம். இது உன் நிலம், நாங்க தோண்டறோம்."

"உனக்குச் சூஞோவுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதேடி."

"கடிச்சுப் பாத்துக்கறேன்."

யோபனா எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து நெற்றியில் வழிந்த தண்ணீரை இரண்டு கையாலும் துடைத்தாள். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கடைக்காரி எங்களை வேடிக்கை பார்த்தாள். கடைசியில் யோபனா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூடையிலிருந்து ஒரு கொத்து அல்பாகாவை மட்டும் எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். தராசு சாயும், வலது தட்டைப் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு மழையில் நடந்து போனாள்.

தவக்காலம் பாதி கடந்துவிட்டது. யோபனா எழுதி முடித்ததை ஐந்து இடங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். சந்தைப் பெண்கள் தங்களுக்குள் சரக்கு மாற்றிக்கொள்ள உதவும் ஒரு சின்ன மென்பொருள் அது. மிக நன்றாக இருக்கிறது என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். அதில் ஒரு இடத்தில் வயதைக் கேட்ட பிறகு பதில் இல்லை. மற்ற இடங்களிலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. வரும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்லமாட்டேன். தினமும் செபிக்கிறேன், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை என் முறை. துனியாவிடமிருந்து கடைப் பொறுப்பை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். மழை விட்டிருந்தது, ஆனால் வானம் வெளுக்கவில்லை. அந்தக் கூடை கடைக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சில்லறை எடைக்கற்களைப் போட்டு வைத்திருந்தார்கள். துனியாவின் விரல் நுனிகளெல்லாம் சூஞோத் தூசியில் கறுத்திருந்தன. ஒரு கிழவர் எதிரில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுசா இருக்கியே, கசேரா," என்று சந்தையில் கடைக்காரிகளைக் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டார். "இது உன் கடையா?"

"இல்லைங்க," என்றாள் துனியா, தராசின் வலது தட்டைப் பிடித்துக்கொண்டு. "யோபனா சோக்கேயோட கடை. அவங்க வீட்ல வேலையா இருக்காங்க."

கிழவர் தலையை ஆட்டிவிட்டுப் பையை நீட்டினார். அடுத்து வந்தவள் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் துனியா அவளிடமும் அதைச் சொன்னாள்.